எது நல்லா உழைக்கும்?

அப்பாவின் அம்பாசடருக்கு 5.90-15 நைலான் டயர். வாங்கும் நாளில் கேள்வி ஒன்றுதான்: டன்லப்பா, எம்.ஆர்.எஃப்பா? டன்லப்புக்கு அம்பத்தூரில் ஆலை இருந்தது. எம்.ஆர்.எஃப் 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து டயருக்கு வந்தது. டாக்ஸி ஸ்டாண்டில் போய், "எதுண்ணே நல்லா உழைக்கும்?" என்பார் அப்பா. அவர்கள் சொல்லும் கிலோமீட்டர் கணக்குதான் தீர்ப்பு. பட்டன் தேய்ந்தால் ரீட்ரேடிங். அதுவும் மொட்டையானால் ஸ்டெப்னி.

நானும் பல வருடம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு மழையில் பிரேக் பிடிக்கும்வரை. வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இறங்கிப் பார்த்தால் பட்டன் ஆழமாகவே இருந்தது. நகத்தால் அழுத்தினேன், பதியவே இல்லை. ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. புது டயர் என்று கடைக்காரர் மாட்டிய அது, வாங்கிய அன்றே நான்கு வயதானது என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது கடையில் ஏழெட்டு பிராண்டு அடுக்கியிருக்கிறார்கள். ஒரகடத்து அப்போலோவும் உண்டு, ஸ்ரீபெரும்புதூர் ஜே.கே.யும் உண்டு. போன மாதம் 165/80 ஆர்14 கேட்டேன். அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரேடியல், 14 அங்குல ரிம். அடுத்து 85டி: ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 190 கி.மீ. வேகம்வரை போகலாம். இதெல்லாம் ஒத்துப்போன டயர்களுக்குள்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

மாட்டுவதற்கு முன்பே குனிந்து, போன் வெளிச்சத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைத் தேடினேன். 0823 என்றால் 2023-ன் எட்டாவது வாரம் தயாரானது. பல டயர்களில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் அப்புறம் பார்ப்பது கஷ்டம். எரிபொருள் மிச்சத்துக்கு நட்சத்திர முத்திரை சில டயர்களில் வந்துவிட்டது. நான் அதற்கு முன்னால் கேட்டது, ஈர ரோட்டில் எது பிடித்து நிற்கும் என்பதைத்தான். அதிக கிலோமீட்டர் உழைப்பதற்கென்று கெட்டியாகச் செய்த ரப்பர், மழையில் பெரும்பாலும் பிடியை விட்டுக்கொடுக்கும். ஐயாயிரம் கிலோமீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை என்று பிடி உள்ளதையே எடுத்தேன்.

கூட வந்திருந்த அப்பா பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தது. கடைக்காரரிடம் திரும்பி, "எத்தனை கிலோமீட்டர் வரும் தம்பி?" என்றார்.

"நாற்பதாயிரம் வரும் ஐயா."

அப்பா என்னிடம், "மழையில நிக்குமான்னு கேட்டியா?" என்றார்.