கண்ணாடி வைத்த தேனீப் பெட்டி

பூசணி, பாகல் ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறாதலின், மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் தேனீ கமக்காரருக்கு உற்ற துணையாகும். ஆனால், பெட்டியை அடிக்கடி திறந்து குழப்பினால் நம் நாட்டுத் தேனீக்கள் கூட்டமாக வெளியேறிவிடக்கூடும்.

ஆகையால், வதைகளின் ஓரங்கள் தெரியுமாறு பெட்டியின் பின்பலகையில் கண்ணாடி பதித்து, அதற்கு மரக்கதவு இடுக. தேனீக்கள் இருளை விரும்புவதால், பார்த்தவுடன் கதவை மூடுதல் வேண்டும். வெயில் கண்ணாடியிற் படலாகாது. பெட்டியை நிழலில் வைக்க.

வாரம் ஒருமுறை கண்ணாடியூடாக நோக்குக. தேன் குறைந்திருப்பின், சீனியையும் நீரையும் சம அளவிற் கரைத்து மாலையில் ஊட்டுக. கீழ்நோக்கிய இராணி அறைகள் தோன்றின், கூட்டம் பிரிய ஆயத்தமாகின்றதென அறிக. சிலந்தி வலை போன்ற இழைகள் காணப்படின், மெழுகுப் பூச்சி புகுந்துள்ளது, அவ்வதையை அகற்றுக. இத்தகைய குறிகளைக் கண்டபோது மட்டுமே பெட்டியைத் திறத்தல் நன்று.