பொன் எடுத்த ஊரில் மண் வளர்த்தல்

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலுக்குக் குடியேறிய நம் முன்னோர், 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்கங்களில் உழைத்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதே நம்மில் பலருடைய வாழ்க்கையாயிற்று.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது அந்த ரயிலும் நின்றது, கல்லூரிகளும் மூடப்பட்டன. வீட்டில் அடைபட்ட மாணவர் பலருக்கு, நாம் உண்ணும் உணவு எங்கே விளைகிறது என்னும் கேள்வி அப்போதுதான் முதன்முதலாக எழுந்தது. விடை தேடியவர்கள் 'மண்ணை மீட்கும் இயற்கை வேளாண்மை' என்னும் முறையை அறியலாயினர். அஃது யாதென நோக்குவோம்.

இரசாயன உரத்தை நீக்கிவிடுவது மட்டுமே இம்முறை அன்று. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மண் முன்னிருந்ததைவிட வளமுற்றிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அமெரிக்கரான ராபர்ட் ரோடேல் 1980-களில் இதற்குப் பெயர் சூட்டிப் பரப்பினார் எனினும், இதன் வேர் நம் நாட்டிலும் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்ந்து, குப்பையை மக்கவைத்து எருவாக்கும் முறையை வகுத்தார். தமிழகத்தில் நம்மாழ்வார் (1938–2013) இயற்கை வேளாண்மையை ஊர் ஊராக எடுத்துரைத்தார்.

செய்முறை எளிது. முதலாவது, மண்ணை வெறுமையாக விடலாகாது. வைக்கோலும் சருகும் பரப்பினால் ஈரம் ஆவியாவது குறையும், மண்புழு பெருகும். இரண்டாவது, உழவைக் குறைத்துத் தொழுவுரமும் மக்கிய எருவும் இடவேண்டும். மக்கு மிகுந்த மண் மழைநீரைப் பிடித்துவைக்கும். மூன்றாவது, பல பயிர்களைக் கலந்து விதைக்க வேண்டும். கோலார்ப் பகுதியின் கன்னட உழவர்கள் கேழ்வரகின் இடையே அவரை, துவரை முதலியவற்றை வரிசையாக விதைத்து, அதனை 'அக்கடி' என்பர். பயறு வகைகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. ஆற்றுப் பாசனம் அரிதாய், ஏரிகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியிருக்கும் இம்மாவட்டத்திற்கு இம்முறை பெரிதும் பொருந்தும்.

எனினும், தங்கவயலில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மூன்று கோடி டன்னுக்கும் மேலாக, சயனைடு மேடுகளாகக் குவிந்து நிற்கிறது. அந்த மண்ணைத் தோட்டத்திற்கோ தொட்டிக்கோ எடுத்து வருதல் கூடாது. மேட்டின் தூசு படியும் இடத்தில் கீரை, கிழங்கு பயிரிடுமுன் மண்ணையும் நீரையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிதல் வேண்டும். உலோக நச்சைத் தொழுவுரம் அகற்றிவிடாது.

சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் சொந்த நிலம் உடையோர் குறைவு. ஆதலின், படிப்பையும் வேலையையும் விட்டுவிட்டு உழவில் இறங்குமாறு நாம் கூறவில்லை. நலிந்த நிலம் தேறச் சில ஆண்டுகள் ஆகும். நல்ல மண்ணுள்ள புழக்கடையில் நான்கு பாத்தி போதும். அண்டை ஊர்க் கன்னட உழவர் ஒருவரின் நட்பும் வேண்டும். நிலத்தின் அடியிலிருந்து எடுக்கவே பழகிய நம் சமூகத்தின் இளைஞர்கள், அதன் மேற்பரப்புக்குத் திருப்பிக் கொடுக்கவும் கற்பார்களாயின், அது வரவேற்கத்தக்க மாற்றமாகும்.