போர்மட் அடிப்பதற்கு முன்

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் பிற்பகலில் இடி முழங்காத நாள் குறைவு. மின்னல் வெட்டத் தொடங்கியதும் லயத்தில் டிவி பிளக்கைக் கழற்றுவார்கள். கணினி உள்ள வீட்டில் அதையும் கழற்றுவார்கள். அதற்குள் கரண்ட் போய்விட்டால்தான் வினை. லினக்ஸ் கணினியென்றால், திரும்பப் போட்டுப் பார்த்தால் திரையில் படம் மட்டும் வரும். கீழே இருந்த பட்டையும் இல்லை, மெனுவும் இல்லை. இல்லாவிட்டால் பாஸ்வேர்டை அடித்ததும் திரை ஒருகணம் கறுத்து, மறுபடி பாஸ்வேர்டையே கேட்கும்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சிப் கொண்ட பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அப்படிப்பட்ட பழைய கணினிக்கு லினக்ஸ் மின்டும் சுபுண்டுவும் நல்ல வழி. ஆனால் கரண்ட் போய் இப்படி டெஸ்க்டொப் காணாமல் போனதும் "போர்மட் அடிக்கணும்" என்று எவராவது சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான வேளைகளில் அது வீண் வேலை. பிள்ளையின் சாதாரண தரப் பாடக் குறிப்பும் கல்யாணப் போட்டோவும் அதோடு சேர்ந்து அழிவதுதான் மிச்சம்.

லினக்ஸில் டெஸ்க்டொப் என்பது இயங்குதளத்தின் மேலே ஓடும் தனி மென்பொருள். 1996இல் கேடிஇ, 1997இல் க்னோம் என்று அது தனித் திட்டங்களாகவே வளர்ந்தது. மின்டில் உள்ள சினமனும் சுபுண்டுவில் உள்ள எக்ஸ்எஃப்சிஇயும் அதே வகை. அதனால் திரை செத்தாலும் அடியில் லினக்ஸ் உயிரோடு இருக்கும். டெஸ்க்டொப்பின் அமைப்புகள் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைவான இடத்தில் கிடக்கின்றன. அதை எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு வெறுமையாகிவிடக்கூடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருட்டாக்கியது. மின்னலே இல்லாமலும் கரண்ட் போகும் நாடு இது.

பட்டை மட்டும் மறைந்திருந்தால், சினமனில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; டெஸ்க்டொப் புதிதாக எழும்பும். பாஸ்வேர்ட் பக்கத்திலேயே சுற்றினால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3. கறுப்புப் பக்கம் வந்து பெயர் கேட்கும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். உள்ளே போனதும் 'டிஎஃப்' கட்டளையால் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு வீதம் நிரம்பியிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். மின்டில் டைம்ஷிஃப்ட் சேர்த்துவைக்கும் பழைய பிரதிகளே பல நேரம் இடத்தை விழுங்குகின்றன.

இடம் தாராளமாக இருந்தால் 'அட்யூசர்' கட்டளையால் புதிய பயனர் ஒருவரைச் சேருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தித் திரும்பி, அந்தப் பெயரில் நுழையுங்கள். அங்கே எல்லாம் சரியாக வந்தால் இயங்குதளத்தில் பிழையில்லை. பழைய பயனரின் அமைப்புக் கோப்புகளே கெட்டிருக்கின்றன. சுபுண்டுவில் 'கான்ஃபிக்' என்ற மறைவுக் கோப்புறைக்குள் எக்ஸ்எஃப்சிஇ4 என்றொரு கோப்புறை இருக்கும். அதை அழிக்காமல் பெயரை மாற்றிவையுங்கள். அடுத்த முறை நுழையும்போது புத்தம்புது டெஸ்க்டொப் வரும். படமும் பாடக்குறிப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்படிச் செய்தபின் தமிழ் எழுத முடியவில்லை என்று சிலர் பதறுவார்கள். ரெங்கநாதன் விசைப்பலகையைத் தரும் ஐபஸ்ஸை மறுபடி சேர்த்தால் போதும். புதிய பயனருக்கும் திரை வராவிட்டால் மட்டும் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகியுங்கள். அது கொஞ்சம் நீண்ட வேலை, தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

அப்போதும் கடைக்காரர் போர்மட் என்ற பேச்சை எடுத்தால், "புதுப் பயனர் போட்டுப் பார்த்தீங்களா அண்ணா?" என்று முதலில் கேளுங்கள். கோப்புகளை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளாமல் கணினியைக் கையிலிருந்து விடாதீர்கள்.