வாசலில் நின்று நலம் கேட்போம்

நோயுற்றோரை நலம் விசாரிப்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய நற்செயல். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாமெனத் தடுத்தவரும் அப்பெருமானாரே. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையின் இல்லத்தில் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

உரிய சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் குழந்தைகள் பலர் இந்நோயிலிருந்து குணமடைகின்றனர். ஆனால் அது 2, 3 ஆண்டுகள் நீளும். மருந்தினால் வெள்ளணுக்கள் குறையும் வேளையில், நமக்குள்ள சாதாரணச் சளியும் அப்பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஆகவே, திருச்சியிலாயினும் ஆற்றுக்கு அப்பால் திருவரங்கத்திலாயினும், வாசலிலேயே ஸலாம் கூறி, துஆச் செய்து திரும்புங்கள். பிறகு இரத்த வங்கிக்குச் செல்லுங்கள். சேமித்த தட்டணுக்கள் 5 நாட்களே பயன்படும். கொடையாளர் மீண்டும் மீண்டும் தேவை. 1954இல் நிறுவப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் பெற்றோர் சென்றிருக்கையில், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு உணவளிப்பதும் நலம் விசாரிப்பே.

அல்லாஹ் அக்குழந்தைகளுக்குப் பூரண ஷிஃபாவை நல்கியருள்வானாக! ஆமீன்.