கரிசலும் கடல் வணிகமும் – 11: டாலர் செக் போகும் தூரம்

நியூஜெர்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வரவழைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கான தொகையை டாலரில் செக்காக எழுதி, உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிடுகிறார். அந்த ஊரில் வீட்டு வாடகையைக்கூடப் பலர் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அவருக்கு அது சாதாரண வேலை. உறை கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்ததும், “அமெரிக்காப் பணம் வந்துருச்சு அண்ணாச்சி” என்று கடையில் பேச்சு எழும். வெல்லக்காரருக்கும் பருப்புக்காரருக்கும் நாளைக்குத் தருவதாக வாக்குக் கொடுக்கப்படும். ஆனால் வந்திருப்பது பணமல்ல. ஒரு தாள். அது பணமாக வேண்டுமானால் புறப்பட்ட நாட்டுக்கே மறுபடியும் போயாக வேண்டும்.

சென்ற வாரம் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏறியதோடு நிறுத்தியிருந்தோம். ஏறிய சரக்குக்கான காசு எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் இந்த வாரம். வெளிநாட்டில் இருந்துகொண்டே ஊரில் தொழில் நடத்துகிறவர்கள் கரிசல் பக்கம் பெருகிவிட்டதால் அவர்கள் கதையும் இதில் சேர்கிறது.

கோவில்பட்டிக் கிளையில் டாலர் செக்கைக் கொடுத்தால், அங்குள்ளவர்கள் அதைத் தங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது வழக்கமாக நியூயார்க்கில் அந்த வங்கி கணக்கு வைத்திருக்கும் வேறொரு வங்கிக்குப் போகும். அந்த வங்கி, செக் எழுதியவரின் வங்கியிடம் தொகையைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதைத் தன் கட்டணம் போக அனுப்பும். நம் வங்கியும் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, அன்றைய மாற்று விலைக்கு ரூபாயாக வரவு வைக்கும். இதற்குச் சில வாரங்கள் ஆவது சாதாரணம். இரண்டு மாதத்தைத் தொட்டால் வியப்பதற்கில்லை. தொகை சிறியதென்றால் கட்டணங்களே கணிசமான பங்கைத் தின்றுவிடும். டாலர் செக்கை வசூலுக்கு எடுப்பதையே நிறுத்திவிட்ட வங்கிகளும் உண்டு.

உள்ளூர்ச் செக் ஒரே நாளில் பாஸாகும்போது இதற்கு ஏன் இத்தனை நாள் என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இந்தியாவில் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறை 2008இல் டெல்லியிலும் 2011இல் சென்னையிலும் தொடங்கி நாடெங்கும் பரவியது. 2025 அக்டோபர் 4 முதல், செக்கைப் போட்ட அன்றே தீர்வு காணும் ஏற்பாடும் வந்துவிட்டது. அமெரிக்காவிலும் இதுபோன்ற மாற்றம் நடந்திருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, விமானத்தில் போய்க்கொண்டிருந்த காசோலைகள் ஊர் ஊராகத் தேங்கிக் கிடந்தன. அந்த அனுபவம் தந்த உந்துதலில் படத்தையும் ஏற்கும் சட்டம் 2003இல் இயற்றப்பட்டு 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாடுகளுக்குள்ளும் செக் படமாகப் பறக்கிறது. ஆனால் இந்தியத் தீர்வு முறை இந்திய வங்கிகளின் ரூபாய்ச் செக்குகளுக்கு மட்டும் உரியது. அமெரிக்க முறை அந்நாட்டு வங்கிகளுக்குள் அடங்கியது. இரண்டையும் இணைக்கும் பொதுப் பாலம் இல்லை. அந்த இடைவெளியில்தான் நம் கடலைமிட்டாய் வியாபாரி நிற்கிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வரவு விழுந்த பிறகும் அந்தப் பணம் முழுதாக நம்முடையதாகாமல் இருப்பது. சில வங்கிகள் நல்ல வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தொகையை வரவு வைக்கும். பாஸ்புத்தகத்தில் எண் ஏறிவிடும், எடுத்துச் செலவழிக்கவும் முடியும். பிறகு செக் திரும்பினால் முழுத் தொகையையும் கட்டணத்தோடு கணக்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். செக்கின் பின்னால் உள்ள மேலொப்பம் போலி என்று தெரியவந்தால் அமெரிக்கச் சட்டப்படி வங்கிகள் ஒன்றன்மேல் ஒன்று மூன்று ஆண்டு வரைகூட வழக்குத் தொடர இடமிருக்கிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி கோவில்பட்டிக் கணக்குதான்.

மோசடிக்காரர்கள் இந்த இடைவெளியை நன்றாக அறிந்தவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சலில் தீப்பெட்டிக்கோ மிளகாய் வற்றலுக்கோ ஆர்டர் தருவார். 2,000 டாலர் சரக்குக்கு 5,000 டாலர் செக் வரும். “கணக்குப்பிள்ளை கூட்டி எழுதிவிட்டார், மீதியைக் கப்பல் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்” என்று கடிதம் வரும். முன்கூட்டி வைத்த வரவைப் பார்த்து நம்பி மீதியை அனுப்பினால், சில வாரங்களில் செக் போலி என்று திரும்பும். போன 3,000 டாலர் போனதுதான். கணக்கில் விழுந்தது வசூலான பணமா, முன்வரவா என்று கிளையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிகளே இதைக் கேட்காமல் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். டாலர் செக்கை வாங்கிக்கொண்டு தரும் சீட்டில், எத்தனை நாளாகும், எவ்வளவு பிடிப்பார்கள், எப்போது வரை திரும்பக் கேட்கலாம் என்ற மூன்றையும் தமிழில் அச்சடிப்பதில் என்ன கஷ்டம்? வியாபாரி தூங்காமல் கழிக்கும் இரவுகளில் பாதி குறையும்.

கடல் கடந்த பணம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1876இல் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, கோவில்பட்டி நிலையத்தில் ஏறிய கரிசல் பருத்தி ‘தின்னவேலி’ என்ற பெயரோடு லிவர்பூல் சந்தைக்குப் போனது. கரிசலில் விளையும் நிலாவரை இன்றும் மருந்துச் சரக்காக ஐரோப்பாவுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் காரைக்குடிக்கும் இடையே பணத்தை நகர்த்தியது நகரத்தார் உண்டியல். ரங்கூன் கடையில் எழுதிய உண்டியலை ஊரில் காட்டினால் காசு கிடைத்தது. இரு முனையிலும் ஒரே வீட்டு ஆளோ, அந்த வீட்டாருக்குத் தெரிந்த ஏஜெண்டோ உட்கார்ந்திருந்ததால் அது நடந்தது. தூரத்தை நம்பிக்கை தாங்கியது. நம்பிக்கையை உறவு தாங்கியது.

அந்த ஏற்பாட்டை வங்கியாக்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அந்நியச் செலாவணிதான் அதன் தனி நோக்கம். இரண்டு மாதம்கூட ஆகாமல், ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. நேற்றுவரை உள்நாடாக இருந்த ஊர் அயல்நாடாகும் வேளையில், இரு கரையிலும் கிளை வைத்த வங்கி அது. இந்தப் பக்கத்து நாடார் வணிகர்கள் 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் பணப் போக்குவரத்தின் உயிர் என்று இவர்கள் அறிந்திருந்தார்கள். டாலர் செக்கின் மறுமுனையில் நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சட்டமாவது துணைக்கு வருமா? 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அயல்நாட்டு ஆவணங்களை மறக்கவில்லை. அதன் 134ஆம் பிரிவில் ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது: கலிபோர்னியாவில் எழுதி, வாஷிங்டனில் பணம் தரவேண்டிய உண்டியல் ஒன்று இந்தியாவில் மேலொப்பமாகிப் பிறகு மறுக்கப்படுகிறது, யார் எந்த வட்டி கட்ட வேண்டும் என்று அது விளக்குகிறது. எழுதியவருக்கு அவர் எழுதிய ஊரின் சட்டம், ஏற்றவருக்குப் பணம் தரவேண்டிய ஊரின் சட்டம். கோவில்பட்டி வியாபாரிக்கு இது என்ன சொல்கிறது? நியூஜெர்சிச் செக் திரும்பினால், அந்த ஊர்ச் சட்டத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும் என்று.

உள்ளூர்ச் செக்கில் நிலைமை வேறு. நம் தீப்பெட்டி ஆலைகள் வட மாநிலங்களுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புகின்றன. செக் திரும்புவதும் உண்டு. 138ஆம் பிரிவின்படி, திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, 15 நாளில் பணம் வராவிட்டால் குற்ற வழக்குப் போடலாம். செக் எழுதியவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னபோது, இந்தச் சிறு ஆலைக்காரர்கள் ஒவ்வொரு செக்குக்கும் வடநாட்டு நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. 2015இல் வந்த திருத்தம், செக்கைப் பெற்றவர் கணக்கு வைத்திருக்கும் கிளையின் எல்லையிலேயே வழக்கை நடத்தலாம் என்று மாற்றியது. வழக்கு கோவில்பட்டிக்கே வந்துவிட்டது. டாலர் செக்குக்கு இப்படி ஒரு துணை நடைமுறையில் கிடையாது.

இனி, முதலாளியே வெளிநாட்டில் இருக்கும் தொழில். சிங்கப்பூரிலோ டெக்சாஸிலோ வேலை. ஊரில் தம்பி பார்த்துக்கொள்ளும் ஆலை. அமெரிக்க வாடிக்கையாளர் செக் தருவார் என்றதும், “அத எம்பேருக்கே எழுதச் சொல்லு, இங்க என் கணக்குல போட்டுக்கிறேன்” என்று அண்ணன் சொல்வார். போன் செயலியில் படமெடுத்தால் அமெரிக்க வங்கியில் வரவு விழுந்துவிடும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. வசதியான வழிதான். ஆனால் இந்தியாவிலிருந்து போன சரக்கின் விலை இந்தியாவுக்குள் வந்தாக வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். ரிசர்வ் வங்கி தரும் குறிப்பிட்ட அனுமதி இல்லாமல் அதை வெளியே வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கப்பல் பில்லும் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக் கணினியில் பதிவாகிறது. அதற்கு ஈடான பணம் உள்ளே வந்ததாக வங்கி காட்டினால்தான் அது மூடப்படும். அண்ணனின் கணக்கில் விழுந்த டாலர் அந்தப் பதிவை மூடாது. பணத்தை வரவழைக்கும் கெடு வெகுகாலம் 9 மாதமாக இருந்து, 2025 இறுதியில் 15 மாதமாக நீட்டப்பட்டது. கெடு நீண்டிருக்கிறது, கடமை நீங்கவில்லை.

இதைவிடப் பரவலான பழக்கம் ஒன்று என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. விமானம் ஏறுமுன் செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போவது. “நம்ம பயதானே” என்ற நம்பிக்கை. அந்த மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வெற்றுச் செக் தாளில் கையெழுத்திட்டுத் தன்விருப்பத்தோடு கொடுத்தால், பிறர் நிரப்பியதாக இருந்தாலும் அது கடனுக்காகத் தரப்பட்டது என்றே சட்டம் முதலில் கருதும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. கருப்பட்டிக்காரருக்குக் கொடுத்த செக் திரும்பினால் கோவில்பட்டி நீதிமன்றச் சம்மன் சிங்கப்பூர் முதலாளியின் பெயருக்கு வரும். நிரப்பியவர் பெயருக்கு அல்ல.

இன்று அந்த இக்கட்டுக்குத் தேவையே இல்லை. வெளிநாடு போய்க் குடியேறியவர் தன் பழைய சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் ஒருவருக்கு வரம்பு குறித்த அதிகாரப் பத்திரம் கொடுத்து நடத்தலாம். நிறுவனத்தின் நடப்புக் கணக்கில் இன்ன தொகைக்கு மேல் இருவர் கையெழுத்து என்று வங்கியிடம் எழுதிக் கொடுக்கலாம். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள செக்கின் விவரத்தை வங்கிக்கு முன்னதாகத் தெரிவித்து உறுதிசெய்யும் முறை 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. மேனேஜர் எழுதிய செக்கின் எண்ணையும் தொகையையும் முதலாளி கடல் தாண்டியிருந்தே செயலியில் உறுதிசெய்துவிடலாம். பொருந்தாவிட்டால் வங்கி பணம் தர யோசிக்கும். சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா உள்ளிட்ட பத்து நாட்டு போன் எண்ணில் என்.ஆர்.ஓ. கணக்கை யு.பி.ஐ.யோடு இணைக்க 2023இல் வழி பிறந்தது. வாரக் கூலியை முதலாளியே அங்கிருந்து அனுப்பலாம்.

டாலர் செக்கை வாங்கவே வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. டென்மார்க் 2017இலேயே செக்குக்கு விடைகொடுத்துவிட்டது. நியூசிலாந்து வங்கிகள் 2021க்குள் நிறுத்திவிட்டன. அமெரிக்க அரசே 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு தாளில் காசோலை எழுதுவதைப் பெரும்பாலும் கைவிட்டிருக்கிறது. விலைப்பட்டியலின் அடியில் “செக் ஏற்பதில்லை” என்று அச்சடித்துவிடுங்கள்; கீழே, பணத்தை வங்கி வழியாக நேரே அனுப்புவதற்கு, வங்கிப் பெயர், ஸ்விஃப்ட் குறியீடு, நடப்புக் கணக்கு எண். புதிய ஆள் என்றால் பாதி முன்பணம், மீதி, சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீதான பி.எல்.லின் நகல் கண்டதும். மூல பி.எல். கையை விட்டுப் போவது முழுத் தொகை வசூலான பிறகு. வங்கி தரும் வரவுச் சான்றைக் கப்பல் பில் எண்ணோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

பணம் அனுப்பும் கட்டணம் அதிகம் என்று நியூஜெர்சிக்காரர் முனகுவார். சிறு தொகைகளைச் சேர்த்து மாதம் ஒருமுறை அனுப்பச் சொல்லலாம். கட்டணம் யாருடையது என்பதை மட்டும் முதலிலேயே எழுதி முடித்துவிடுங்கள். எழுதாமல் விட்டால் இடையில் நிற்கும் வங்கி இருபது முப்பது டாலரைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும். விலைப்பட்டியலில் 2,000, வந்தது 1,975. அந்த 25 டாலருக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கும்வரை கப்பல் பில்லை மூடுவதில் இழுபறி நீளும்.