உங்கள் பாட்டனாரின் கப்று எங்கே?

உங்கள் பாட்டனாரின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய வாப்பாவின் பெயர்? அதற்கு மேலே கேட்டால் நம்மில் அநேகர் மௌனமாகிவிடுவோம். 1990 ஒக்டோபரில் மன்னார் மாவட்டத்து முசலிப் பகுதியிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கோ அந்த மௌனம் இன்னும் கனமானது. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கடுத்தம் எல்லாவற்றையும் பலர் இழந்துவிட்டார்கள். 2009க்குப் பின் திரும்பிப் போனால் மையவாடியும் காடு மண்டிக் கிடந்தது.

அங்கே பெயர் பொறித்த கல்லைத் தேடி ஏமாறாதீர்கள். கப்றின் மேல் எழுதுவது ஷாபிஈ மத்ஹபில் மக்ரூஹ். ஆதலால் நாட்டுப்புறங்களில் பெரும்பாலும் எழுத்தில்லாத மீசான்களே இருக்கும். ஆனால் அடையாளம் வைப்பதற்குத் தடையில்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் அடக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாமே ஒரு கல்லைத் தூக்கித் தலைமாட்டில் வைத்தார்கள்; தம் குடும்பத்தில் மரணிப்போரை அதனருகே அடக்குவதற்காக. நம் முன்னோரும் உறவினரை அருகருகேதான் அடக்கினார்கள். ஆகவே ஒரு கப்று தெரிந்தால் அதன் அக்கம்பக்கத்தை விசாரியுங்கள். சில ஊர்களில் ஆணுக்கு இரண்டு மீசான், பெண்ணுக்கு மூன்று. மரக்கட்டைகள் கறையானுக்குப் போயிருக்கும்.

தப்பித்தவறி எழுத்துள்ள கல் அகப்பட்டால் நிதானமாக வாசியுங்கள். அரபு இலக்கத்தில் சிறு வட்டம் ஐந்து. பூச்சியமோ வெறும் புள்ளி. என்னிடம் ஓதும் பிள்ளைகளே இதில் தடுமாறுவதுண்டு. 1350ஐ 1300 என்று வாசித்தால் மகன் தகப்பனுக்கு மூத்தவனாகிவிடுவான்! ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் வெறுமனே 622ஐக் கூட்டினாலும் கணக்குப் பிழைக்கும். முதலில் 0.97ஆல் பெருக்கி, பிறகு கூட்டுங்கள். ஹிஜ்ரி 1325 என்றால் 1907 அளவில் வரும்.

பற்றையைக் கையாலேயே வெட்டுங்கள். டோசர் பிடித்தால் ஒரே நாளில் வேலை முடியும், மீசான்களும் முடிந்துவிடும்.

ஆனால் எந்தக் கப்று யாருடையது என்பது கல்லில் இல்லை, மனிதரின் நினைவில் இருக்கிறது. அன்று நாற்பது வயதில் சந்தூக் சுமந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். வீட்டிலுள்ள முதிய பெண்கள் மையவாடிக்குப் போயிருக்க மாட்டார்கள். யார் யாருக்கு என்ன முறை என்பதோ அவர்களுக்குத்தான் அத்துபடி. அடுத்த பெருநாளைக்குப் புத்தளத்தில் அவர்களைப் பார்க்கப் போகும்போது, பலகாரத்தோடு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். நடக்கக் கூடியவரென்றால் வாகனத்தில் ஏற்றி மையவாடிக்கே அழைத்துச் செல்லுங்கள். அவர் கை நீட்டும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.