வளைந்த பிலிமும் தட்டைப் பிலிமும்

நீண்ட மதில் சுவர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதிக்கு எதிரே சில அடி தூரத்தில் நிற்கிறீர்கள். சுவரின் இரு முனைகளும் ஒரே படத்தில் விழ வேண்டும். கைப்பேசியில் ‘பனோரமா’ எனப்படும் அகலப்பட வசதியைத் திறந்து, இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பிப் படம் எடுக்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கொத்தனார் நூல் பிடித்துக் கட்டிய சுவர், நடுவில் உப்பி, இரு பக்கமும் சரிந்து, வில்லைப் போல வளைந்து காணப்படுகிறது!

கைப்பேசியில் ஏதும் கோளாறா? இல்லை. கைப்பேசி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, அகலப்படக் காமிராக்களைக் கையாண்டவர்கள் இதே வளைவைக் கண்டிருக்கிறார்கள். அது ஏன் தோன்றுகிறது, எங்கே அது குறை, எங்கே அதுவே பெரும் பயன் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளிக் கணிதமே இதை விளங்கிக்கொள்ளப் போதும். வாருங்கள், பார்ப்போம்.

தட்டைப் பிலிமின் எல்லை

சாதாரணக் காமிராவில் லென்சுக்குப் பின்னால் பிலிம் தட்டையாக இருக்கும். லென்சின் குவியத் தூரம் 28 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரே இருக்கும் பொருளின் பிம்பம் பிலிமின் நடுவில் விழும். பக்கவாட்டில் ஒரு கோணத்தில் இருக்கும் பொருளின் பிம்பம், நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி விழும்? குவியத் தூரத்தை அந்தக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் விடை கிடைக்கும்.

45° கோணத்துக்கு டேன்ஜென்ட் 1. ஆகவே பிம்பம் 28 மி.மீ. தள்ளி விழும். 60° கோணத்துக்கு டேன்ஜென்ட் 1.732. ஆகவே 48.5 மி.மீ. ஆகிறது. இரு பக்கமும் 60° வீதம் மொத்தம் 120° காட்சியைப் பிடிக்க 97 மி.மீ. நீளப் பிலிம் தேவை. 89° கோணத்துக்குப் பாருங்கள்! டேன்ஜென்ட் 57-ஐத் தாண்டிவிடுகிறது. அதற்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒன்றரை மீட்டருக்கும் மேல் பிலிம் வேண்டும். 90° கோணத்துக்கோ எவ்வளவு நீளமான பிலிமும் போதாது.

இடர்ப்பாடு இத்துடன் நிற்கவில்லை. ஓரத்துக்குப் போகப் போக வெளிச்சமும் குறைகிறது. எளிய லென்சு ஒன்றில், கோணத்தின் கொசைனை நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும் அளவுக்கே ஒளி விழும். 60° கோணத்தின் கொசைன் அரை. அரையை நான்கு முறை பெருக்குங்கள். பதினாறில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சுகிறது.

உருவங்களும் இழுபடுகின்றன. காமிராவைச் சுற்றி ஒரே தூரத்தில் வட்டமாக மாணவர்கள் நிற்பதாகக் கொள்ளுங்கள். 60° கோணத்தில் நிற்பவரின் முகம், நடுவில் நிற்பவரின் முகத்தைவிட உயரத்தில் 2 மடங்கும் அகலத்தில் 4 மடங்கும் பெரிதாக விழும். அவர் அந்தப் படத்தை வீட்டில் காட்ட விரும்புவாரா?

பிலிமை வளைத்தால்?

இதற்கு ஒரு வழி உண்டு. லென்சை இடமிருந்து வலமாகத் திருப்பலாம். லென்சு திரும்பும்போது, அதன் குவியத் தூரத்தின் முனை ஒரு வட்டத்தின் பகுதியை வரைகிறது. அந்த வட்டத்தையொட்டிப் பிலிமை வளைத்துப் பொருத்திவிட்டால், லென்சு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் நேர்ப் பார்வையில் பிலிம் இருக்கும். லென்சின் பின்னால் குறுகிய செங்குத்துப் பிளவு ஒன்று கூடவே திரும்பும். சுவரில் சுண்ணாம்பு அடிப்பவர் மட்டையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இழுத்துச் செல்வது போல, அந்தப் பிளவு ஒளியைப் பிலிமின் மீது வரிசையாகப் பூசிச் செல்லும்.

மாஸ்கோவுக்கு அருகே உள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1967 முதல் சில ஆண்டுகள் தயாரான ‘ஹொரிசோன்ட்’ காமிரா இவ்வகையைச் சேர்ந்தது. அதன் லென்சு 28 மி.மீ. குவியத் தூரம் உடையது. படக் கோணம் 120°. பிலிமின் நீளத்தை நீங்களே கணக்கிடலாம். 28 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 2 × 22/7 × 28 = 176 மி.மீ. 120° என்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 58 மி.மீ. தட்டைப் பிலிமில் 97 மி.மீ. கேட்ட காட்சி, வளைந்த பிலிமில் 58 மி.மீட்டரில் அடங்கிவிட்டது. ஓரங்களில் வெளிச்சம் குறையவில்லை. முகங்களும் இழுபடவில்லை.

லென்சு திரும்பும்போது பிம்பமும் நகர்ந்து படம் கலங்கிப்போகாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். பகல் வேளையில், சன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். பூதக்கண்ணாடியைக் கைப்பிடி கீழே இருக்குமாறு பிடித்து, சன்னலின் தலைகீழ்ப் பிம்பம் தாளில் தெளிவாக விழச் செய்யுங்கள். (சூரியனை நோக்கி மட்டும் பிடிக்கக் கூடாது.) இப்போது கைப்பிடியை விரல்களுக்கிடையே இலேசாகத் திருகுங்கள். லென்சு திரும்புகிறது. ஆனால் பிம்பம் இருந்த இடத்திலேயே இருக்கிறது! லென்சைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். பிம்பமும் உடனே நகர்ந்துவிடும். லென்சின் உள்ளே குறிப்பிட்ட ஒரு புள்ளியை அச்சாகக் கொண்டு திருப்பினால், தொலைவிலுள்ள பொருள்களின் பிம்பம் அசைவதில்லை. சுழலும் லென்சுக் காமிராக்கள் அனைத்தும் இந்த உண்மையின் மீதே அமைந்தவை.

சுவர் ஏன் வளைந்தது?

இனி, நம் மதில் சுவருக்கு வருவோம். சுவரின் நடுப்பகுதி உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. முனைகள் தொலைவில் இருக்கின்றன. 60° கோணத்தில் உள்ள பகுதி, நடுப்பகுதியைப் போல 2 மடங்கு தூரத்தில் இருக்கிறது. தொலைவில் உள்ளது சிறிதாகத் தெரிய வேண்டும் அல்லவா? வளைந்த பிலிம் அப்படியே பதிகிறது. நடுவில் முழு உயரம், 60° கோணத்தில் பாதி உயரம். அதனால்தான் சுவர் வில்லாயிற்று. தட்டைப் பிலிமோ ஓரத்தை இழுத்துப் பெரிதாக்குவதால், தூரத்தால் குறைந்த உயரம் சரிக்குச் சரி ஈடாகிவிடுகிறது. சுவர் நேராகவே நிற்கிறது.

இங்கேதான் இருவகைப் பிலிம்களின் குணமும் வெளிப்படுகிறது. தட்டைப் பிலிம் ஓர் அளவுகோல். தனக்கு இணையாக உள்ள சுவரில் சம நீளங்களைச் சம நீளங்களாகவே காட்டும். வளைந்த பிலிம் ஒரு கோணமானி. சம கோணங்களைச் சம நீளங்களாகக் காட்டும். ஹொரிசோன்ட் நெகடிவில் இரு கோபுரங்கள் 22 மி.மீ. தள்ளியிருந்தால், அது 176-இல் எட்டில் ஒரு பங்கு. ஆகவே அவற்றுக்கிடையே உள்ள கோணம் 45° என்று உடனே சொல்லிவிடலாம்.

காட்டுத் தீயைத் தேடிய காமிரா

இந்தக் கோணமானிக்கு உயிர் காக்கும் வேலை ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் மலை உச்சிகளில் காவல் கோபுரங்கள் அமைத்து, காட்டுத் தீயின் புகையைக் காவலர்கள் கவனித்து வந்தார்கள். புகை தென்பட்டால், எந்தத் திசையில், எத்தனை டிகிரியில் என்று அலுவலகத்துக்குத் தெரிவிப்பார்கள். ஆனால் அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்தத் திசையில் எந்த மலை முகடு, எந்தப் பள்ளத்தாக்கு என்பது தெரிய வேண்டுமே!

அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ஆஸ்பார்ன் இதற்கென ஒரு சுழலும் லென்சுக் காமிராவை வடிவமைத்தார். 1930-களில் காவல் முனைகள் பலவற்றிலிருந்து, ஒவ்வொன்றும் 120° வீதம் மூன்று படங்கள் எடுக்கப்பட்டன. மூன்றும் சேர்ந்தால் சுற்றுப்புறம் முழுவதும், 360°-யும் அடங்கிவிடும். படத்தில் திசைக்கோணம், ஏற்ற இறக்கக் கோணம் இரண்டுக்கும் அளவுகள் பதிக்கப்பட்டிருந்தன. காவலர் கோணத்தைச் சொன்னதும், படத்தில் அந்த இடத்தில் விரலை வைத்து, எதிரே எந்த முகடு என்று கண்டுகொள்ளலாம். மற்றொரு கோபுரத்திலிருந்தும் கோணம் கிடைத்தால், வரைபடத்தில் இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே தீ எரியும் இடம்.

அந்தப் படங்களின் பயன் இன்னும் தீர்ந்துவிடவில்லை. அதே இடங்களிலிருந்து புதிய படங்கள் எடுத்து, பழையவற்றோடு ஒப்பிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் காடு எங்கே அடர்ந்தது, எங்கே அழிந்தது என்பதை ஆராய்கிறார்கள்.

தஞ்சைக் கல்வெட்டும் பெரிய காமிராவும்

கோணமானிக்கு ஒரு வேலை என்றால் அளவுகோலுக்கு வேறு வேலை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல்வெட்டுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்னும் இராணுவ அதிகாரி, 1858-இல் அவற்றைப் படம் பிடித்தார். பிலிம் சுருள் வராத காலம் அது. பெரிய காமிராவால் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஓரிடத்தில் நின்று லென்சைச் சுழற்றியிருந்தால், தூரத்து எழுத்துகள் சிறுத்துப் போயிருக்கும். படிக்க வேண்டிய எழுத்துக்கு அளவுகோலே ஏற்றது.

பெரிய காமிரா எதற்கு? 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 24 × 36 மி.மீ. பெரிய காமிராவில் பயன்படும் தாள் பிலிமின் வழக்கமான அளவு 4 × 5 அங்குலம். பரப்பில் அது ஏறத்தாழ 15 மடங்கு. 8 × 10 அங்குலத் தாளானால் 60 மடங்கு. 8 × 10 அங்குலப் பிரதி வேண்டுமென்றால், 35 மி.மீ. நெகடிவை எட்டு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். 8 × 10 நெகடிவைப் பெருக்கவே வேண்டாம். தாளோடு தாள் ஒட்டி வைத்துப் பிரதி எடுக்கலாம். பெருக்காத படத்தில் நுட்பங்கள் கெடுவதில்லை.

இந்தக் காமிராவின் முன்பலகையில் லென்சு, பின்பலகையில் பிலிம், இரண்டுக்கும் நடுவே துருத்தி. இரு பலகைகளையும் தனித்தனியே நகர்த்தலாம். உயரமான கட்டடத்தைப் படம் எடுக்கச் சாதாரணக் காமிராவை அண்ணாந்து பிடித்தால், கட்டடம் பின்புறம் சாய்வது போல் விழும். காரணம், பிலிம் சுவருக்கு இணையாக இல்லை. பெரிய காமிராவில் பின்பலகையை நேராகவே நிறுத்திவிட்டு, லென்சுப் பலகையை மட்டும் மேலே உயர்த்துவார்கள். உச்சியும் படத்தில் விழும், சுவரும் நிமிர்ந்தே நிற்கும்.

கையாளும் முறை

பெரிய காமிராவுக்குப் பொறுமை வேண்டும். முக்காலித் தாங்கியில் பொருத்தி, கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, பின்புறமுள்ள தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைத் தெளிவாக்க வேண்டும். பிறகு ஷட்டரை மூட வேண்டும். பிலிம் உறையைச் செருக வேண்டும். உறையின் மறைப்புத் தகட்டை உருவியபின் ஷட்டரை இயக்கிப் படம் எடுத்து, தகட்டை மீண்டும் செருக வேண்டும். இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் பிலிம் வீண்தான்.

சுழலும் லென்சுக் காமிராவுக்கு முதல் தேவை ரசமட்டம். காமிரா முன்பின்னாகச் சிறிது சாய்ந்தாலும் தொடுவானம் வளைந்துவிடும். விரல்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 120° பார்வையில் உங்கள் விரலும் படத்தில் வந்துவிடும். ஓடும் பொருள்களிலும் கவனம் தேவை. லென்சு திரும்பும் திசையிலேயே பேருந்து ஓடினால், அது படத்தில் நீண்டுவிடும். எதிர்த்திசையில் வந்தால் குறுகிவிடும்.

ஆகவே, இவ்வகைக் காமிராவைக் கையில் எடுப்பவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்தப் படத்திலிருந்து நான் நீளத்தை அறிய வேண்டுமா, திசையை அறிய வேண்டுமா? இரண்டையும் ஒரே படம் தராது. உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் வரையும் வரைபடக்காரரின் சிக்கலும் இதுவே.

முடிக்கும் முன் உங்களுக்கு ஒரு கணக்கு. 28 மி.மீ. லென்சுக்குப் பின்னால் ஒரு தட்டைப் பிலிமும் ஒரு வளைந்த பிலிமும் மாறி மாறி வைக்கப்படுகின்றன. இரண்டிலும் ஒரு பிம்பம் நடுவிலிருந்து சரியாக 28 மி.மீ. தள்ளி விழுகிறது. ஒவ்வொன்றிலும் பொருள் இருந்த கோணம் என்ன? தட்டைப் பிலிமுக்கு விடை 45° என்பது மேலே உள்ளது. வளைந்த பிலிமுக்கான விடையைச் சுற்றளவு 176 மி.மீ. என்பதைக் கொண்டு காணுங்கள். ஆரமும் வில்லின் நீளமும் சமமாக இருக்கும் அந்தக் கோணத்துக்குக் கணிதத்தில் தனிப் பெயரே உண்டு: ரேடியன்.